சொல்லும் வடிவம்

இரண்டு மணிக்கட்டையும் வெட்டித் தைத்த மாதம்,
மிசிசாகா, டிக்சி வீதி,
லொறிக் கம்பனியின் இரவு மேசையில்
எனக்கொரு மென்பொருளைத் தந்தார்கள்.
இனி விரல் வேண்டாம், வாயால் வேலை செய் என்றார் மேலாளர்.
வாயால் வேலை செய்பவள் என்று
பள்ளிக்கூடத்திலேயே பெயர் எடுத்தவள் நான்.

முதலில் என் பெயரைச் சொன்னேன். மைதிலி.
'மை டெய்லி' என்று எழுதியது.
தகப்பன் பெயர் சிவபாதசுந்தரம்.
அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும்
ஒரு மேளத்தையும் கண்டுபிடித்தது.
காண்டீபன் என்றேன்,
பதினேழாம் இலக்க நெடுஞ்சாலையில் ஓடும் எங்கள் சாரதி.
'கான்ட் டீப்பன்.'
ஆழமாக முடியாதாம்.
அவனிடம் சொன்னேன்; ஸ்பீக்கரில்
நிப்பிகன் தாண்டும் மட்டும் சிரித்தான்.

சொல் சேர்க்கும் பக்கத்தில் இரண்டு பெட்டி:
எழுதும் வடிவம்.
சொல்லும் வடிவம்.
இதை எனக்கா விளங்கப்படுத்த வேண்டும்?
'இருக்கின்றது' என்று எழுதிவிட்டு
'கிடக்கு' என்று சொல்கிற சனம் நாங்கள்.
'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதி,
'வாறன்' என்று சொல்லி,
இன்னும் புறப்படாமலே நிற்போம்.

கபுஸ்கேசிங். மரத்தன். குல்வந்த். ஒலெக்ஸி.
ஒவ்வொன்றையும் மூன்று தரம் சொல்லச் சொன்னது.
மூன்றாம் தரம்
எந்த ஊரும் வெறும் சத்தமாகிவிடுகிறது.
தடிமனோடு பழக்கினேன்.
தடிமன் மாறியதும் என்னைத் தெரியாதென்றது.
திரும்பவும் முதலிலிருந்து.

வாவா மட்டும் சுலபம்,
சுப்பீரியர் ஏரிப் பக்கம்
பெரிய வாத்துச் சிலை வைத்த ஊர்.
இந்த நாட்டில் என்னைத் தமிழில் கூப்பிடும் ஒரே ஊர்.
முதலில் 'வாவ் வாவ்' என்று வியந்தது.
எழுதும் பெட்டியில் 'வாவா, ஒன்ராறியோ' என்று போட்டேன்.
அதற்குப் பிறகு பிழைவிடவேயில்லை.

மாசி, இரண்டாம் வியாழன்.
வைட் ரிவருக்குக் கிழக்கே வீதியை மூடிவிட்டார்கள்.
தடுப்புப் போடுமுன் கடைசியாக நுழைந்த லொறி அவனுடையது.
'அக்கா, கண்ணாடியில ஒண்டுமில்லை. வெள்ளைதான்.
ரோட்டு எது, பள்ளம் எது எண்டு தெரியேல்லை.'
நிறுத்த ஓரமில்லை.
நாற்பத்தொரு கிலோமீட்டர்.
திரையில் அவன் ஒரு பச்சைப் புள்ளி.
கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு
புள்ளியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்:
வா. வா.
மெல்ல.
அதில வளைவு ஒண்டு. வா வா.

மூன்றே காலுக்கு எஞ்சின் நின்ற சத்தம்.
பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.
பிறகு, பிஸ்கட் பை கிழிபடும் சத்தம்.

அப்போதுதான் பார்த்தேன்,
மைக்கைத் தூங்கச் சொல்ல மறந்திருக்கிறேன்.
சுமைப் பட்டியலில், குறிப்புப் பகுதி முழுக்க
வாவா, ஒன்ராறியோ.
வாவா, ஒன்ராறியோ.
'மெல்ல' என்ற இடமெல்லாம் மெலனி என்றொரு பெண்.
வாவா, ஒன்ராறியோ.
எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினாறு தரம்.

விடிய மேலாளர் கேட்டார்:
ஒரே ஊருக்கு இத்தனை சுமையா?
யார் இந்த மெலனி?
மென்பொருளைப் பழக்குகிறேன் என்றேன்.

அதே ஒலிக்கு இன்னொரு எழுத்து வைக்கலாமா என்று
ஒரு மத்தியானம் முயன்றேன்.
ஏற்கெனவே உள்ளது என்றது, சிவப்பில்.
சரி, ஊரே இருக்கட்டும்.

இரண்டு நாள் கழித்துக் காண்டீபன் வந்தான்,
தாடியில் கோப்பி.
'என்ர பேரை இப்ப சரியா எழுதுதோ?'
மைக்கை எழுப்பிச் சொல்லிக் காட்டினேன்.
குனிந்து எழுத்தெழுத்தாகப் பார்த்தான்.
'அப்ப நான் ஆழமாகிட்டன்' என்றான்.
அதையும் அது எழுதப் பார்த்தது.